கோமதி எழுதுகிற வீட்டில் வேப்பங்குலை

1958 ஜூலை 3, வியாழன்

விடிந்ததிலிருந்து சாரல். கொடியில் போட்ட வேட்டி மூன்றாவது நாளாக ஈரம். கோர்ட்டில் பாகப்பிரிவினைத் தீர்ப்பு ஒன்று, முப்பத்திரண்டு பக்கம் நகல். விரல் வீக்கம்.

வீட்டுக்கு வந்தால் மெட்ராஸ் கடிதம். கோமதியின் தொடர்கதையைப் போடுகிற வாரப்பத்திரிகையிலிருந்து. (இனி இந்த நோட்டில் கோ. என்றால் என் மனைவி கோமதி.) உதவி ஆசிரியர் எழுதுகிறார்: 'உப்பு வாங்கப் போனவள்' எட்டு அத்தியாயம் ஆபீஸுக்கு வந்தாயிற்று, வாசகர்கள் ஆவலாக இருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் கடைசி மூன்று தவணையும் அச்சுக்குப் போகிற நேரத்தில்தான் கைக்கு வந்தன. ஆகவே மிச்சம் நாலு அத்தியாயமும் மொத்தமாக 19ஆம் தேதி சனிக்கிழமைக்குள் ஆபீஸில் இருக்க வேண்டும். தவறினால், "கதையை நாங்களே முடித்துக்கொள்வோம். கதாநாயகியைக் கணவனோடு சேர்த்துவைத்து மங்களமாக முடிக்க உத்தேசம்."

கோ. அடுப்படியில் நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை. "மங்களமாவாம்," என்றாள். சாதம் குழைந்துவிட்டது.

கதை இதுதான். ஒருத்தி உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உப்பு வாங்கக் கடைக்குப் போகிறாள். திரும்பி வரவில்லை. எட்டு அத்தியாயமாகப் போய்க்கொண்டே இருக்கிறாள். புருஷன் குடிகாரன் இல்லை. கை நீட்டுகிறவன் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தல். "பெறகு எதுக்குட்டி போனா?" என்று முதல் அத்தியாயத்திலேயே கேட்டேன். "அதத் தெரிஞ்சுக்கிடத்தான் எழுதுதேன்," என்றாள்.

கோ. எழுதுவது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பத்திரிகையில் 'சிற்றாறு' என்று புனைபெயர். என் பங்கு, அவள் எழுதியதை நல்ல கையெழுத்தில் நகல் எடுத்து அனுப்புவது. பகலெல்லாம் கோர்ட்டில் செய்கிற அதே வேலை. ஓர் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு அதிகாரம் இல்லை.

நாலு அத்தியாயம். பதினாறு நாள்.

இன்று அவளை எழுதவிடாமல் செய்தவர்கள் (நான் வீடு வந்த பிறகு மட்டும்):
பால்காரி.
அடுத்த வீட்டுப் பிச்சம்மா மதினி, பெருங்காயம் கேட்டு.
மறுபடி பிச்சம்மா மதினி, வாங்கின காயத்தைத் திருப்பிக் கொடுக்க.
மூத்தவள் மீனா. சிலேட்டுக் குச்சி.
இளையவள் வள்ளி. அக்கா அடித்தாள்.
வடகரையிலிருந்து பெரியப்பா மகன், மூன்று பேரோடு, குற்றாலம் போகிற வழியில். "சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு." காப்பி. பிறகு இன்னொரு காப்பி.

ஆனி ஆடியில் தென்காசியில் வீடு வைத்திருப்பவன் சத்திரம் வைத்திருக்கிற மாதிரிதான்.

ஜூலை 5, சனி

சாரல் விட்டுவிட்டு. நேற்று கோ. எழுதியது ஏழு வரி. அதிலும் அஞ்சை அடித்துவிட்டாள். இனி விட்டால் சரிப்படாது. நானே இறங்கிவிட்டேன்.

அரங்கில், அதாவது நெல் மூட்டை அடுக்குகிற உள்ளறையில், மூட்டைகளை ஒதுக்கி என் பழைய மேஜையைப் போட்டேன். அலாரம் கடிகாரம் வைத்தேன். சுவரில் ஒரு தாள் ஒட்டினேன்:
1. காலை 9 முதல் 12 வரை எழுந்திருக்கக் கூடாது.
2. மணிக்கு ஒரு பக்கம்.
3. எழுதியதை அன்றைக்கே அடிக்கக் கூடாது.
4. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது.

கோ. படித்துப் பார்த்தாள். "நான் என்ன பரீட்சையா எழுதுதேன்?" ஆனாலும் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு எட்டிப் பார்த்தேன். பேனா கையில், கண் சுவரில். பதினொன்றுக்குப் பார்த்தேன். கையால் தாளை மூடிக்கொண்டாள். "எவ்வளவு ஆச்சு?" என்றதற்கு, "ஆகுது," என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு அலாரம் அடித்தது. மூன்று மணி நேரத்தில் அரைப் பக்கம். முகம் வாடிப்போய் வெளியே வந்தாள். "எனக்கு வரமாட்டேங்கு. மெட்ராஸ்காரங்களே முடிச்சுக்கிடட்டும்," என்றாள். சொல்லிவிட்டு அம்மியில் தேங்காய் வைத்து அரைத்தாள் பாருங்கள், அம்மி உடைகிற அரைப்பு. எனக்குப் பாவமாக இருந்தது. பதினாறு வயதில் என்னைக் கட்டிக்கொண்டு வந்தவள். பத்து வருஷத்தில் எனக்கு இது வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டது இரண்டே முறை. ஒன்று மூக்குக் கண்ணாடி. இன்னொன்று கோடு போட்ட தாள்.

ஜூலை 7, திங்கள்

இன்று நான் செய்தது சரியா தப்பா தெரியவில்லை. எழுதிவைக்கிறேன்.

கோர்ட்டுக்கு லீவு போட்டிருந்தேன். காலையில் ஆலங்குளம் மாமாவிடமிருந்து கார்டு. கோ.வின் தாய்மாமன். "அருவியில் தண்ணீர் எப்படி?" இவ்வளவுதான் கடிதம். தண்ணீர் எப்படி என்று ஒருவர் கேட்டால், வருகிறோம், பாய் தலையணை எடுத்து வை என்று அர்த்தம். பதில் போடலாம் என்று பேனாவை எடுக்கிறேன், ஜட்கா வண்டி தெருமுனையில் திரும்புகிறது. மாமா, அத்தை, பெண்கள் இரண்டு, சம்பந்தி வீட்டார் இரண்டு. ஆறு உருப்படி, ஒரு தகர டின் முறுக்கு. பத்து நாளுக்குக் குறையாது.

கோ. உள்ளே ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில். இரண்டு நாளாகத் தள்ளாடியது இன்றுதான் ஓடுகிறது, பேனாச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

என்ன நினைத்தேனோ. புழக்கடைக்கு ஓடினேன். வேப்ப மரத்தில் கைக்கு எட்டின இரண்டு கொத்தை ஒடித்தேன். வண்டி வந்து நிற்பதற்கும் நான் வாசல் நிலையில் செருகுவதற்கும் சரியாக இருந்தது.

மாமா ஒரு கால் வண்டியில், ஒரு கால் தரையில். "என்ன மாப்ள, யாருக்கு?"

பிள்ளைகள் பெயரைச் சொல்ல நாக்கு வரவில்லை. "கோமதிக்குத்தான் மாமா. அம்மன் வந்திருக்கா."

மாமா செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டார். அத்தை வண்டியை விட்டு இறங்கவேயில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, நல்லபடியா எறங்கிப் போயிரு," என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். வண்டி அப்படியே திரும்பிக் குற்றாலத்துச் சத்திரத்துக்குப் போய்விட்டது. முறுக்கு டின்னை மட்டும் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

உள்ளே திரும்பினால் கோ. நிற்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "அம்மன வச்சு வெளையாடுதியளே, நல்லாருப்பியளா?" என்று ஆரம்பித்து ஒரு மூச்சு வைதாள். பிறகு, "எத்தன நாளைக்கு வச்சுக்கிடலாம்?" என்றாள்.

ஒன்பதாம் அத்தியாயம் இன்றே முடிந்தது. நகலும் எடுத்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை. காற்று மட்டும். பத்தாம் அத்தியாயம் பாதி.

வேப்பங்குலை நன்றாக வேலை செய்கிறது. பால்காரி செம்பை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். காயம் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. பிள்ளைகளிடம், "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, அரங்குப் பக்கம் போகப்படாது," என்று சொல்லி வைத்தேன்.

ஆனால் இரண்டு விஷயம் யோசிக்காமல் போனேன். ஒன்று, பள்ளிக்கூடம். மீனாவை வாசலிலேயே மறித்து டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டாளாம். இரண்டாவது, நான். கோர்ட்டுக்குள் கால் வைத்தேன், ஹெட் கிளார்க் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஏன்வே, அம்மை வீட்டுலேருந்து நேரா இங்கனயா வந்தீரு? எனக்கு அஞ்சு பிள்ளைக இருக்குவே. தலைக்குத் தண்ணி ஊத்துத வரைக்கும் இந்தப் பக்கம் தலைகாட்டாதீரும்." எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. இந்த ஊரில் வேப்பங்குலை செருகினால் பேப்பரில் போட்ட மாதிரி.

ஒரு விதத்தில் நல்லதுதான். முழு நாளும் வீட்டிலிருந்து கோ.வுக்கு ஒத்தாசையாக இருக்கலாம்.

ஜூலை 9, புதன்

அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற வாசனை ஒரு வீடு தாண்டிப் போகும், பிச்சம்மா மதினிக்கு மூக்கு ஜாஸ்தி. ஆகவே தாளிக்காத குழம்பு, தாளிக்காத ரசம். நான்தான் சமையல். வள்ளி தட்டைத் தள்ளிவிட்டு, "தாளிச்ச ரசம் எப்பம்ப்பா?" என்று அழுகிறாள்.

மதினி மதிலுக்கு மேலே கூழ்ச் செம்பு நீட்டினாள். இளநீர் மூன்று. மஞ்சள். "என்னத்தக் கேட்டாலும் இந்தப் பக்கம் நின்னு குரல் கொடுங்க அண்ணாச்சி. கோமதி கண்ணுல முத்து போடலயே? நான் அம்மனுக்கு மாவிளக்கு நேந்திருக்கேன்," என்றாள். வாங்கிக்கொண்டு வந்தேன். கூழ் நன்றாக இருந்தது. ஒரு வாயோடு பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டேன்.

பத்தாம் அத்தியாயம் முடிந்தது. நகல் எடுத்தேன். அந்தப் பெண் இப்போது சங்கரன்கோவில் பஸ்ஸில். கையில் உப்புக்குக் கொண்டுபோன சில்லறைதான். நகல் எடுக்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்குமே என்று.

"வீட்டுக்கு வந்துருவால்லா?" என்று கேட்டேன். கோ. புதுத் தாளை எடுத்து 'அத்தியாயம் 11' என்று தலைப்பு எழுதினாள்.

ஜூலை 11, வெள்ளி

நேற்று ஒரு வரிகூட இல்லை. இன்றும் இல்லை. வீடு அப்படி ஒரு அமைதி, ஊசி விழுந்தால் கேட்கும். வேறென்ன வேண்டும் இவளுக்கு? மேஜைக் கால் ஆடுகிறது என்று தோன்றியது, அட்டை வைத்துச் சரி செய்தேன். பேனாவுக்கு மை ஊற்றினேன். ஜன்னலை அரைவாசி சாத்தினேன். பிறகு இருட்டாக இருக்குமோ என்று திறந்தேன்.

மத்தியானம் அவள் கண்ணயர்ந்தபோது, எழுதியது ஏதாவது இருந்தால் நகல் எடுக்கலாம் என்று மேஜையைப் பார்த்தேன். ஒரே ஒரு தாள். முன்பக்கம் 'அத்தியாயம் 11' என்று தலைப்பு, கீழே வெள்ளை. பின்பக்கம் ஒரு பட்டியல். அவள் கையெழுத்து. எழுதியதை எழுதியபடி இங்கே நகல் செய்கிறேன்:

இன்னைக்குக் கூப்பிட்டது
மதினி (மதில்ல இருந்து) 2
மீனா 3
வள்ளி 4
அவர் 19
   எவ்வளவு ஆச்சு 6
   அவ வீட்டுக்கு வந்துருவாளா 5
   காப்பி வேணுமா 4
   சும்மா எட்டிப் பாத்தது 4

மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். பத்தொன்பதுதான்.

வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாருக்காக நான் அம்மன் பெயரில் பொய் சொன்னேன்? யாருக்காக ஆபீஸ் போகாமல் கரண்டி பிடிக்கிறேன்? அவளை எழுப்பி முகத்துக்கு நேரே தாளை நீட்டினேன். "வடகரைக்காரன் ரெண்டு காப்பிதாம்ட்டி குடிச்சான். நான் அவனவிட மோசமா?"

அவள் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைத் தேடி மாட்டினாள். "கோவப்படாதிய. நீங்க இருந்தா எனக்கும் தெம்பாத்தான் இருக்கு. ஆனா நீங்க வந்து பாக்குதப்ப அவ நடக்க மாட்டேங்கா. நின்னுக்கிட்டு உங்களத் திரும்பித் திரும்பிப் பாக்கா. நான் என்ன செய்யட்டும்?"

"யாரு?"

"அவதான். உப்பு வாங்கப் போனவ."

கோபத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினேன். வாசல் வரை போன பிறகுதான் ஞாபகம், போக முடியாது. அம்மை வீட்டுக்காரன். நானே செருகின வேப்பங்குலை. புழக்கடையில் அதே மரத்தடியில் குடையைப் பிடித்துக்கொண்டு சாயந்தரம் வரை உட்கார்ந்திருந்தேன். சாரல் நின்றபாடில்லை.

ஜூலை 12, சனி

இன்று தெருவே சிரித்தது.

பத்து மணிக்கு வாசலில் சுகாதார இன்ஸ்பெக்டர். கூடவே அம்மை குத்துகிறவர், பெட்டியோடு. பின்னால் பாதித் தெரு. யாரோ முனிசிபாலிடியில் சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மையா சின்னம்மையா பார்க்க வேண்டும், எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறார். நான் மழுப்பினேன். "எறங்கிருச்சு சார். தண்ணி ஊத்தியாச்சு." "எப்ப ஊத்துனீங்க?" "நேத்து." "அப்ப வேப்பெல ஏன் பச்சையா இருக்கு?" கோர்ட்டு ஆள் நானே குறுக்கு விசாரணையில் தோற்றேன்.

நான் திணறுவதைக் கேட்டுக் கோ. வந்துவிட்டாள். கண்ணாடி போட்டபடி, விரலெல்லாம் மை. இரண்டு கையையும் முழங்கை வரை நீட்டினாள். "பாத்துக்கிடுங்க. அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கதை எழுதுதேன். ஆள் வராம இருக்கணும்னு இவங்க செருகிட்டாங்க. தப்புத்தான்."

தெரு கொல்லென்று சிரித்தது. இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "என்ன கதை?"

சொன்னாள். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "அது நீங்களாம்மா? எங்க வீட்டுல அதுக்காகச் சண்டையே நடக்கு. அவ திரும்பி வரணும்னு நான் சொல்லுதேன், வரக்கூடாதுன்னு என் சம்சாரம் சொல்லுதா." என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "ஆனா பெட்டியத் தெறந்தாச்சு. சும்மா மூடக்கூடாது." தெருவில் ஒரு ஆளை விடவில்லை. முதல் கை என்னுடையது. முப்பத்தேழு பேர் என்னைத் திட்டிக்கொண்டே குத்திக்கொண்டார்கள்.

வேப்பங்குலையைக் கோ. தன் கையால் எடுத்தாள். கிணற்றடியில் வைத்து ஒரு கும்பிடு போட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

கை வலி. காலையில் பிச்சம்மா மதினி. உள்ளே வரவில்லை, வாசலில் நின்றாள். "நான் ராத்திரி எல்லாம் உக்காந்து வேண்டுனேனே, என்ட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று கோ.வைப் பார்த்து ஒரு அழுகை. கோ.வும் அழுதாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அழுது முடித்ததும் மதினி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப அந்த உப்பு வாங்கப் போனவள நீதான் அனுப்புனியா?"

வருகிறவர் போகிறவரை இனித் தன் வீட்டு வாசலிலேயே மறித்துவிடுவதாக மதினி ஏற்றுக்கொண்டாள். "நான் பொய் சொல்லமாட்டேன். அவ எழுதுதா, பெறகு வாங்கன்னு உள்ளதச் சொல்லுவேன்." உள்ளதைச் சொல்லலாம் என்று எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று!

மத்தியானம் குற்றாலம் போய் ஆலங்குளம் மாமாவைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை மட்டும், "பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னா அதுவே போதும்," என்றாள். அவர்கள் காலில் விழாத குறை. கடைசியில் ஒன்று சொன்னேன். வெள்ளி வரை மீனாவையும் வள்ளியையும் கூட்டிக்கொண்டு நானும் இந்தச் சத்திரத்திலேயே தங்கிக்கொள்கிறேன், எல்லாரையும் அருவிக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு என்று. மாமா யோசித்தார். "முறுக்கு டின்ன எடுத்துட்டு வாரும்," என்றார். சமாதானம்.

கோ.விடம் சொன்னேன். "வெள்ளிக்கிழம சாயந்தரந்தான் வருவேன். அதுக்கு முந்திப் பதினொண்ணு, பன்னெண்டு எழுதி முடிச்சுட்டன்னா மதினிட்டச் சொல்லிவிடு. வந்து நகல் எடுத்துத் தாரேன்." கோ. என் முகத்தையே பார்த்தாள். "நெசமாவா?" என்றாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமா என்று ஒரு பக்கம் வருத்தம்.

ஜூலை 15, செவ்வாய்

சத்திரம். நல்ல சாரல். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டு. மாமாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு முதல் பஸ்ஸில் தென்காசி, கோர்ட். ஹெட் கிளார்க்: "ஏன்வே, கடைசில அம்மனையே பொய்ச்சாட்சிக்குக் கூப்பிட்டீரோ?" நாள் முழுக்க இதே பேச்சு. சகித்துக்கொண்டேன்.

சாயந்தரம் பஸ்ஸுக்கு நடக்கும்போது எங்கள் தெரு முனையில் கால் நின்றுவிட்டது. அங்கிருந்து பார்த்தால் வாசல் தெரியும். கதவு பாதி திறந்திருந்தது. அவள் மத்தியானம் சாப்பிட்டாளோ இல்லையோ. ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் என்ன?

அவள் பட்டியலில் இருபது ஆகிவிடும். பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

ஜூலை 16, புதன்

மெயின் அருவியில் ஒரே கூட்டம். மாமாவுக்கு ஜலதோஷம், ஆனாலும் விடமாட்டேன் என்கிறார். துணி காத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டு இரண்டு பெண்கள்:

"இந்த வாரம் அவ வந்தாளாட்டி?"
"யாரு?"
"அதான், உப்பு வாங்கப் போனாள்லா."
"எங்க வந்தா! பஸ்ஸ்டாண்டுல நிக்கா."
"வந்துருவா. வராம எங்க போவா? சோறு வடிக்கணும்லா."
"நானா இருந்தா வரமாட்டேன்."
"ஆமா, நீ வரமாட்ட! உங்க வீட்டுக்காரு அங்கன நின்னு ஒரு சத்தம் கொடுத்தா ஓடுவ."
இரண்டு பேரும் சிரித்தார்கள். வரமாட்டேன் என்றவள் மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள்.

எழுந்து, அது என் பெஞ்சாதி எழுதுகிற கதை என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஓடிப்போய்க் கோ.விடம் சொல்ல வேண்டும், கேட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்! செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்புறம் யோசித்தேன். அங்கே அந்தப் பெண் எந்தத் தெருவில் நடந்துகொண்டிருக்கிறாளோ. நான் போய்ச் சொன்னால் நின்றுவிடுவாள்.

சொல்லவில்லை. மாமாவின் துண்டைப் பிழிந்து காயப்போட்டேன்.

மதினியிடமிருந்து தகவல் இல்லை.

ஜூலை 17, வியாழன்

தகவல் இல்லை. இரண்டு அத்தியாயம் நகல் எடுக்க எனக்கே நாலு மணி நேரமாவது வேண்டும். நாளை சாயந்தர மெயிலை விட்டால் போச்சு. சனிக்கிழமை மெட்ராஸில் எவனோ ஒருவன் பேனாவை எடுத்து அவளைப் புருஷன் காலில் விழவைத்து முற்றும் போட்டுவிடுவான்.

போன வாரம்கூட அவள் வீட்டுக்கு வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படி இல்லை. வருவதோ போவதோ கோ. சொல்ல வேண்டும். வேறு எவனும் சொல்லக் கூடாது.

வள்ளி என் மடியில் தூங்கிவிட்டாள். ரசம் தாளித்ததுதான் இன்று.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காலையில் தென்காசியில் அம்மன் கோவில், மதினியின் மாவிளக்கு. நேர்ந்துகொண்டதை விடக் கூடாது என்று அவளே செய்தாள், மாவு நான் இடித்துக் கொடுத்தேன். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். மதினியிடம், "கோமதி..." என்று ஆரம்பித்தேன். "நீங்க கேக்காதிய அண்ணாச்சி. நான் சொல்லமாட்டேன்," என்றாள்.

கோர்ட்டில் கை ஓடவில்லை. ஒரே வரியை இரண்டு முறை நகல் எடுத்தேன். பதினான்கு வருஷ சர்வீஸில் முதல் தடவை. ஹெட் கிளார்க்கிடம் கெஞ்சி நாலு மணிக்குக் கிளம்பிவிட்டேன்.

வீடு பூட்டிக் கிடக்கிறது. பத்து வருஷத்தில் நான் வரும்போது அந்த வீடு பூட்டியிருந்ததில்லை. ஒரு நொடி, சத்தியமாக ஒரே ஒரு நொடி, அடுப்பில் ஏதாவது கொதிக்கிற சத்தம் கேட்கிறதா என்று கதவில் காதை வைத்தேன்.

மதினி வெளியே வந்தாள். "ஸ்டேஷனுக்குப் போயிருக்கா. கவர எடுத்துக்கிட்டு."

"யாரோட?"

"தனியாத்தான்."

ஓடினேன். வேட்டி தடுக்கிற ஓட்டம். பிளாட்பாரத்தில் மெயில் நிற்கிறது. தபால் ஏற்றுகிற ரயில் பெட்டிக்கு எதிரே கோ. சாயம் போன நீலப் புடவை. லேட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டின கவரை உள்ளேயிருந்த ஆள் கை நீட்டி வாங்கி, எடையைக் கையிலேயே பார்த்துவிட்டுப் பின்னால் போட்டார். வண்டி புறப்பட்டுப் போகிற வரை அவள் நகரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

திரும்பினாள், பார்த்தாள். "ஓடியா வந்திய? மூச்சு வாங்குதே."

"நகல் எடுக்கலயே," என்றேன்.

"நானே எடுத்துட்டேன். கோழி கிளறுன மாதிரிதான் இருக்கும், படிச்சுக்கிடுவாங்க." வலது கை விரல்களை நீவிக்கொண்டே சொன்னாள். பிறகு என்னைப் பார்க்காமல்: "நீங்க நகல் எடுத்தா ஒவ்வொரு வரிக்கும் தலையத் தூக்கி என் மூஞ்சியப் பாப்பிய. அதான்."

கொஞ்ச தூரம் நடந்தோம். சாரல். என்னிடம் குடை இல்லை, அவள் கொண்டுவந்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவன், ரயில்வே கேட் அருகில் கேட்டுவிட்டேன். "கோமதி, அவ வந்தாளா?"

சிரித்தாள். இவ்வளவு நாளில் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. "கடையில வாங்கிப் படிங்க. எல்லாரும் படிக்கிற மாதிரி."

கடைசி அத்தியாயம் அச்சில் வர இன்னும் நாலு வாரம். நாலு வாரம்! ஒரே வீட்டில், அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு கேள்வி கேட்காமல்.